திருநீறு போட்டுத் துலக்கிய ராணி

கறுத்துப்போன உலோகத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. முப்பத்தெட்டு வருடம் தாராவியில் பெல்ட் பக்கிளுக்கு நிக்கல் பூசிய கை. கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் கதவில் இருக்கும் பித்தளைக் குமிழைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் குத்துவிளக்கைக் கண்டால் புளி போட்டுத் தேய்த்தார்களா, பொடி போட்டுத் தேய்த்தார்களா என்று கண்டுபிடித்துவிடுவேன். இது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். வியாதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததற்கு முழுப் பழியையும் வியாதி மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

வேலையை விட்டுவிட்டு செம்பூரில் குடியேறிய பிறகு, வீட்டு வெள்ளிச் சாமான்களைத் துலக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெரிய சொத்து ஒன்றும் இல்லை. இரண்டு காமாட்சி விளக்கு, ஒரு குங்குமச் சிமிழ், மகள் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடை, அவ்வளவுதான். வெள்ளிக்குத் திருநீறுதான் சரி. கடையில் சீசாவில் விற்கிறார்களே, முக்கி எடுத்தால் பளபளக்கும் என்று, அது கொஞ்சங்கொஞ்சமாக வெள்ளியைத் தின்றுவிடும். நல்ல திருநீறாகப் பார்த்து ஈரத்துணியில் தொட்டு, கட்டைவிரலால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான் செய்வார்கள், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்று காலை என் மனைவி பூ வாங்க மாட்டுங்காவுக்குப் போயிருந்தாள். நான் விளக்குகளையும் சிமிழையும் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்து, சிமிழை முதலில் துலக்கி முடித்தேன். மேசையின் மறு ஓரத்தில் வெள்ளைக் கைக்குட்டை விரித்து, அதன் மேல் ஒரு காசு வைத்திருந்தாள். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். கன்னங்கரேல் என்று இருந்தது. பக்கத்தில் அவளுடைய பூதக்கண்ணாடி, காசைப் பார்த்து அவள் பென்சிலால் பாதி வரைந்திருந்த தாள். பழைய காசு சேர்ப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இதைத்தான் எடுத்துப்போகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். இப்படிக் கரி பிடித்த காசையா நாலு பேர் முன்னால் காட்டுவது என்று தோன்றியது. அவள் திரும்பி வருவதற்குள் பளிச்சென்று ஆக்கி, அதே கைக்குட்டையில் வைத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நல்லெண்ணம்தான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். கடைசிப் பத்து வருடமாக அவளுக்கு ரோமாபுரி வெள்ளிக் காசுப் பைத்தியம். அதிலும் எல்லாக் காசும் வேண்டாம், ராஜாவும் ராணியும் சேர்ந்து இருக்கிற காசுதான் வேண்டும். தம்பதிக் காசு என்று அவளே அதற்குப் பேர் வைத்திருந்தாள். பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் புருஷன் தலை, மறு பக்கம் பெண்டாட்டி தலை. சிலதில் இரண்டு பேரும் முழு உருவமாக எதிரெதிரே நின்று வலது கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மொத்தம் ஏழு காசு சேர்த்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு காகித உறையில், உறை மேல் அவளுடைய கரும்பலகைக் கையெழுத்தில் குறிப்பு. அந்த ராஜா ராணிகளின் பேரெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். என் வாயில் ஒன்றும் நுழையாது, ஆகவே இங்கே எழுதித் தப்பு செய்யப் போவதில்லை.

நான் அவற்றைச் செல்லாக்காசு என்றுதான் சொல்வேன். செல்லாக்காசை இப்படிப் பொத்திப் பொத்தி வைக்கிறவளை உலகத்தில் பார்த்ததில்லை என்பேன். ஒரு செல்லாக்காசோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தவில்லையா, இன்னும் ஏழு வந்தால் என்ன என்பாள். ஒரு தடவை, இதை வைத்துப் பூவா தலையா போட முடியாதே, இரண்டு பக்கமும் தலைதானே என்று கேட்டேன். காசிலிருந்து கண்ணை எடுக்காமல், ராணி பக்கம்தான் பூ என்றாள். எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் ஓடும். அந்தக் காசுகளில் அவள் என்னதான் பார்க்கிறாள் என்று பத்து வருடத்தில் ஒரு நாளும் நான் உட்கார்ந்து கேட்டதில்லை.

மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பழைய காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். குஜராத்திகள், மராட்டியர், இரண்டு மூன்று தமிழர். எல்லாரும் ஆண்கள். இவள் ஒருத்திதான் பெண். மூன்று வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவளை, அந்த மாதம் பேசச் சொல்லியிருந்தார்கள். பதினைந்தே நிமிடம். அதற்கு இரண்டு மாதமாகத் தயார் செய்தாள். வீட்டுக்குள் நடந்துகொண்டே இந்தியில் சொல்லிப் பார்ப்பாள், நடுவில் தமிழ் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவளுக்கு அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைத்தால் பயம்.

இனி என் திருப்பணிக்கு வருகிறேன். முதலில் ராஜா பக்கம் தேய்த்தேன். கறுப்பு இறங்கி, சுருட்டைத் தாடி ஒவ்வொரு சுருளாக வெளியே வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. திருப்பிப் போட்டேன். ராணி பக்கம் கறுப்பு இன்னும் கெட்டி. தலையை அலையலையாக வாரிப் பின்னால் கொண்டை போட்டிருந்தாள். அந்த முகத்தை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. திருநீறைக் கூடுதலாகத் தொட்டு, விரலை அழுத்திப் பிடித்துத் தேய்த்தேன். ராணியின் மூக்கு நுனியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. சிமிழைத் துலக்கிய குங்குமம் விரலில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. கன்னத்திலும் ஒரு புள்ளி.

செம்பு. செம்பூரில் குடியிருந்துகொண்டு செம்பைக் கண்டு அப்படி நடுங்கியவன் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராக இருந்தாலும் அது என்ன சிவப்பு என்று யோசித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். எனக்கு ஒரு நொடி போதும். நல்ல வெள்ளியை எவ்வளவு தேய்த்தாலும் உள்ளேயும் வெள்ளிதான் இருக்கும். இது உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தோல். பூசின சாமானில் முதலில் போவது மேடான இடம்தான், பக்கிளில் விளிம்பு என்றால் முகத்தில் மூக்கு. என் கையால் பூசிய எத்தனையோ ஆயிரம் பக்கிள் அப்படித்தான் விளிம்பு தேய்ந்து திரும்பி வந்திருக்கிறது.

ஐயோ, அவளுடைய காசைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்து வந்த நினைப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீயும் ஏமாந்தாயா என்று உள்ளே ஒரு குரல் சிரித்தது.

அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பெண் பார்த்தபோது, என் தாய்மாமன் அவளுடைய அப்பாவிடம், பையன் பம்பாயில் வெள்ளிக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பம்பாய் மாப்பிள்ளை என்றால் இப்படி ஏதாவது சொல்வது வழக்கம். தோல் பதனிடுகிறவன் ஏற்றுமதிக்காரன் ஆவான், ஓட்டலில் மாவாட்டுகிறவன் பங்குதாரர் ஆவான். நான் அப்போது தாராவியில் ஒரு தகரக் கொட்டகையில் நிக்கல் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், பரணில் படுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. மாமா சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமாகி அவள் தாராவிக்கு வந்த முதல் வாரத்திலேயே கொட்டகையைப் பார்த்தாள். பச்சை நிறத்தில் நிக்கல் கரைசல் நிறைந்த தொட்டியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதும்போது, அவர் கம்பெனிக்குப் போயிருக்கிறார் என்றே எழுதினாள். பிறகு எத்தனையோ சண்டை. பாத்திரம் பறந்த சண்டைகூட உண்டு. ஒவ்வொரு சண்டையிலும், இதோ சொல்லப்போகிறாள், ஏமாற்றிக் கட்டிக்கொண்டீர்களே என்று கேட்கப்போகிறாள் என்று காத்திருப்பேன். முப்பத்து நாலு வருடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்திவிட்டு அன்றோடு மறந்திருப்பேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு பொய்யில் ஆரம்பித்தது, அந்தப் பொய்க்கு நானும் கூட்டு என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. அதனால்தான் அவளும் ஒரு வெள்ளிப் பூச்சில் ஏமாந்தாள் என்றதும் எனக்கு அப்படி ஒரு அற்ப சந்தோஷம். மகள் விக்ரோலியில் இருக்கிறாள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சந்தோஷம் இரண்டு நிமிடம் தாங்கவில்லை. அவள் வந்து பார்த்தால் என்ன சொல்வது? எனக்கு ஒரு யோசனை வந்தது, பூச்சுக்காரனுக்கு வரக்கூடிய யோசனை. மறுபடி பூசிவிட்டால் என்ன? தாராவியில் இப்போது கவரிங் நகைக்கு வெள்ளி பூசி, அது பழையதாகத் தெரிய மருந்தில் முக்கிக் கறுப்பும் ஏற்றுகிறார்கள். ஆக்சிடைஸ் என்று பேர். அரை மணி நேரத்தில் ராணியின் மூக்கை மூடி, அதே கறுப்பையும் கொடுத்துவிடலாம். காசைக் கைக்குட்டையோடு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன்.

சயானில் இறங்கி, தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் நடந்தேன். முன்பு என்னோடு அதே தொட்டியில் வேலை பார்த்தவர் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். காயல்பட்டினம் பக்கத்துக்காரர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். காசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கே, எப்படி என்று ஒன்றும் விசாரிக்கவில்லை, அவர் குணம் அப்படி. பூசலாம், யார் பார்த்தாலும் தெரியாது என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காசோடு எழுந்து, சுழலும் பஃப் சக்கரத்தின் பக்கம் போனார். பாலிஷ் போடுகிற துணிச் சக்கரம் அது, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்.

"மொதல்ல பஃப்ல பிடிச்சாத்தான் அண்ணாச்சி. அழுக்கு மேல பூச்சு நிக்காதுன்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லைதான். அதே வேலையைத்தான் நானும் செய்தேன். பழைய சாமானை மறுபடி பூச வேண்டுமென்றால் மேலே இருப்பதை முதலில் வழித்து எடுக்க வேண்டும். இரும்புப் பக்கிளே அந்தச் சக்கரத்தில் கூர் மழுங்கிப்போகும். இது காகிதக் கனத்துக்கு வெள்ளி. ஒரு தொடுதலில் அந்தக் கொண்டை, அந்த அலைமுடி, கண், உதடு எல்லாம் போய், வழவழவென்று ஒரு வட்டம் மிஞ்சும். அதன் மேல் எவ்வளவு வேண்டுமானாலும் வெள்ளி பூசலாம். நான் செய்த தப்பு மறைய வேண்டுமென்றால் ராணியின் முகமே போக வேண்டும்.

நான் பாய் கையைப் பிடித்தேன். அந்தம்மா மூஞ்சி போயிரும் பாய் என்றேன். ராஜா மூஞ்சியும்தான் போகும் என்று அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சக்கரத்தை நிறுத்தினார். காசைக் கைக்குட்டையில் மடித்துக் கொடுத்து, வீட்டில் சொல்லிவிடுங்கள் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார். அரை தம்ளர் கட்டிங் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மேசைக்கடியில் டார்ச் அடித்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். வாங்கிவந்த பூ ஈரப் பொட்டலத்தோடு நாற்காலியில் கிடந்தது. அலமாரியில் இருந்த புத்தகம் முழுக்கத் தரையில். அந்த வயதில் அவள் முழங்காலில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. கைக்குட்டையை மேசையில் வைத்து விரித்தேன்.

பூதக்கண்ணாடியை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். முதலில் ராஜா, பிறகு ராணி. எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டாள். திருநீறு என்றேன். அவள் பேசாமல் இருக்க இருக்க எனக்கு வாய் நிற்கவில்லை. மேலே ஏறியிருந்த கறுப்பை அழுக்கு என்று நினைத்தேன் என்றேன். தாராவிக்குப் போனதையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்லவேளை எனக்கு இப்போதே தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னால் மானம் போயிருக்கும், உன்னிடம் எவனோ செம்பை வெள்ளி என்று தள்ளிவிட்டான், நீ நன்றாக ஏமாந்துவிட்டாய் என்று சொன்னேன். ஏமாந்துவிட்டாய் என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"நான் ஏமாறலை" என்றாள்.

அவ்வளவுதான். காசை அதன் உறையில் போட்டாள். பூவைச் சாமி படத்துக்குச் சாத்தி, துலக்காமல் கிடந்த விளக்கையே ஏற்றினாள். ரோஷத்தில் சொல்கிறாள், ஏமாந்ததை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை என்று நினைத்தேன். அன்றும் மறுநாளும் எங்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், அவள் உள்ளே இருப்பாள். இந்தியில் சொல்லிப் பார்க்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது. கூட்டத்துக்குப் போகமாட்டாள், இனி எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இரண்டு மாதத்து உழைப்பையும் பத்து வருடத்து ஆசையையும் ஒரு சிட்டிகைத் திருநீறில் கெடுத்தவன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கைப்பையில் உறைகள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் இருக்கையில், நான் பின்னால்.

மாடி அறையில் நாற்பது பேர் இருப்பார்கள். நான் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தேன். அவள் பேச ஆரம்பித்தபோது குரல் கொஞ்சம் நடுங்கியது, பிறகு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. முதலில் கைபிடித்து நிற்கும் தம்பதியைத் திரையில் காட்டினாள். சுற்றி எழுதியிருப்பது ஒற்றுமை என்று பொருள்படும் சொல்லாம். காசில் இருக்கும் அந்தச் சின்ன வயசு ராஜாவுக்கு அந்தப் பெண்ணைக் கண்ணிலேயே காட்டக்கூடாதாம், கடைசியில் அவளை ஒரு தீவுக்கு அனுப்பி அங்கேயே கொன்றுவிட்டார்கள். காசு மட்டும் கைபிடித்தபடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது என்றாள். முன் வரிசையில் ஒரு குஜராத்திப் பெரியவர் தலையை ஆட்டினார். கல்யாணக் காசு அடிப்பது அரண்மனைக்குச் சுலபம், வீட்டுக்குள் என்ன நடந்தது என்று காசைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றாள்.

கடைசியாக என் ராணி திரையில் வந்தாள். சுவர் அகலத்துக்குச் சிவந்த மூக்கு. அறையில் ஐயோ என்று ஒரு முனகல் கேட்டது. முன் வரிசைப் பெரியவர் யாரோ செத்துப்போன செய்தி கேட்டதுபோல், இதை யார் துலக்கியது என்று கேட்டார். பழைய வெள்ளியின் மேல் படிந்த கறுப்புதான் அதற்கு மதிப்பு என்பதும், அதை ஏற்ற நூற்றாண்டுகள் ஆகும் என்பதும் எனக்கு அந்த முனகலில்தான் புரிந்தது.

"என் வீட்டுக்காரர். விபூதி போட்டு" என்று இந்தியில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்னைக் கை காட்டினாள். நாற்பது தலையும் திரும்பியது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. இது ரோமாபுரிக் காலத்திலேயே செய்த போலி, செம்புக்கு வெள்ளித் தகடு சுற்றிச் சூடேற்றி அச்சடித்தது, இதன் எடையைப் பார்த்தாலே தெரியும், நான் வாங்கும்போதே தெரிந்துதான் வாங்கினேன் என்றாள். எல்லாரும் நம்பின காசைத்தான் போலி செய்வார்கள், அந்த வகையில் இந்தத் தம்பதியை மக்கள் நம்பினார்கள் என்பதற்கு நல்ல காசைவிட இதுதான் சாட்சி என்றாள். தகடு எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஒருவர் கேட்டார். அதை அவரிடம் கேளுங்கள், முப்பத்தெட்டு வருடம் தாராவியில் பூச்சு வேலைதான் பார்த்தார் என்றாள்.

இதற்கு முன்னால் எந்த ஊர்க்காரரிடமும் எந்த உறவிடமும் அவள் அப்படிச் சொன்னதில்லை. நான் எழுந்து, பம்பாய் இந்தியில் ஏதோ சொன்னேன். விளிம்பில் தகடு மடிந்த கோடு தெரிகிறது, அதை அன்று தேய்க்கும்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன். மின்சாரம் இல்லாமல், தொட்டி இல்லாமல் ஒருவன் இவ்வளவு காலம் நிற்கிற மாதிரி ஒட்டியிருக்கிறான், நான் பூசியது ஐந்து வருடம் நின்றாலே பெரிது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுதிக்கொண்டார். என் வேலையைப் பற்றி நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

கூட்டம் முடிந்து மாட்டுங்கா சர்க்கிள் பக்கம் பஸ்ஸுக்கு நின்றோம். நடுப்பகல் வெயில். அவள் நெற்றியில் வேர்வை, முகத்தில் ஒரு களை. இரண்டு நாளைக்குப் பிறகு நான்தான் முதலில் பேசினேன். தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். பிடித்திருந்தது என்றாள். எதிரே பூக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி கேட்காமல் இருந்தால் சாகும்வரை கேட்கமாட்டேன் என்று தோன்றியது. மாமா சொன்ன வெள்ளிக் கம்பெனிப் பொய்யைச் சொன்னேன். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் வாயைத் திறக்காததைச் சொன்னேன். இங்கே வந்து தொட்டியைப் பார்த்த பிறகாவது நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்குத் தொண்டையில் முள்ளாக இருக்கிறது என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இங்க வந்தா பாத்தேன்? பொண்ணு பாக்க வந்தியல்லா, அன்னைக்கே பாத்துட்டேன். காப்பியை நீட்டுனா, ஒங்க நெகக்கண்ணு பூரா பச்சை. எங்க தெருவுல தட்டாசாரி வீடு மூணு இருந்துச்சு. வெள்ளி வேலை பாக்கவங்க கை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

நான் குனிந்து என் விரல்களைப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அந்த நெகத்தை மறைக்க, கொதிக்குற தம்ளரை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சிய. சூடு பொறுக்காமக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்பவும் கீழ வைக்கலை."

"அப்பமே ஒங்கய்யாகிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

"சொன்னாக் கல்யாணம் நின்னு போயிருக்கும்லா" என்றாள்.

செம்பூர் பஸ் வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற என்னைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். பெண்கள் இருக்கை காலியாக இருந்தும் அவள் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.